கடல் பாசி நஞ்சு மூளையைப் பாதிக்குமா? வேலூர்ப் பக்கம் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

"கடல் மீன் சாப்பிட்டால் மறதி நோய் வரும், பாசி விஷம் மூளையை அரித்துவிடும்" என்று ஒரு வீடியோ வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வீடியோ முழுப் பொய் இல்லை. சில கடல் பாசிகளின் நஞ்சு நிஜமாகவே மூளையைச் சேதப்படுத்தும். ஆட்கள் இறந்தும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கும் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிர வறுவலுக்கும் எவ்வளவு தூரம் என்பதை வீடியோக்காரர் சொல்லவே இல்லை.

கடலே இல்லாத ஊரில் இருக்கிறோம். இதைப் பற்றி நமக்கு என்ன கவலை?

சென்னைக் கடற்கரை நமக்கு சுமார் 140 கிலோமீட்டர். ராத்திரி ஐஸ் பெட்டியில் ஏறும் மீன் விடிவதற்குள் நம் மார்க்கெட்டில் இறங்கிவிடுகிறது. இது ஒன்று.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வேலூர்க்காரர்களிடம் 1981 என்றால், கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பி வந்த ஆண்டு என்பார்கள். அதே 1981-இல், நம் பாலாறு போய்க் கடலில் கலக்கும் வாயலூரில், மட்டி சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். மட்டிக்குள் சேர்ந்திருந்த பாசி நஞ்சுதான் காரணம். பாசி நஞ்சு என்றதும் அமெரிக்கா, ஜப்பான் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் ஆற்றின் வாயிலேயே நடந்திருக்கிறது. 1983-இல் மங்களூர் அருகே ஒரு சிறுவன் இதே மாதிரி மட்டி சாப்பிட்டு இறந்தான். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் என்னும் சிப்பி வகையைச் சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். 500 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள்.

எந்தப் பாசியைச் சொல்கிறீர்கள்? பாறையில் வழுக்குமே, அதுவா?

இல்லை. மைக்ராஸ்கோப் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒரு செல் உயிர்கள். கடல் நீரில் கோடிக்கணக்கில் மிதக்கும். நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனில் பெரும் பங்கு இவை தருவதுதான், அதனால் மொத்தமாகத் திட்டிவிட முடியாது. ஆயிரக்கணக்கான வகைகளில் நஞ்சு உண்டாக்குபவை ஒரு சிறு பங்குதான். தண்ணீர் வெதுவெதுப்பாகி, சாக்கடையும் உரமும் கலந்து சத்து ஏறி, காற்றும் நீரோட்டமும் ஒத்துழைத்தால் இவை சில நாட்களில் ஏகமாகப் பெருகிவிடும்.

அது எப்படி நம் தட்டுக்கு வருகிறது?

சிப்பி, மட்டி, கல்லுமக்காய் எல்லாம் நாள் முழுக்கக் கடல் நீரை உள்ளே இழுத்து வடிகட்டிச் சாப்பிடுபவை. நீரில் கொஞ்சமாக இருக்கும் நஞ்சு அவற்றின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். நெத்திலி, மத்தி மாதிரி மிதக்கும் பாசியைத் தின்னும் மீன்களிலும் சேரும், பெரும்பாலும் குடலில். வில்லங்கம் என்னவென்றால், சிப்பிக்கும் மீனுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. துள்ளத் துடிக்க, பார்க்க நன்றாகவே இருக்கும்.

சரி, மூளைக்குள் போய் அது என்னதான் செய்கிறது?

மூளை விஷயத்தில் முக்கியமான நஞ்சு டொமோயிக் அமிலம். சூடோ-நிட்சியா என்னும் மெல்லிய ஊசி வடிவப் பாசி இதை உண்டாக்குகிறது.

மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் பொருட்களில் முதன்மையானது குளுட்டமேட். டொமோயிக் அமிலத்தின் வடிவம் கிட்டத்தட்ட அதை ஒத்தது. செல்லின் மேல் குளுட்டமேட் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், சீக்கிரம் எழுந்திருக்காது. செல்லுக்குள் கால்சியம் கொட்டிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் தாறுமாறாக ஏறினால் போர் மோட்டாரின் காயில் கருகிப்போகிற மாதிரி, ஓய்வில்லாமல் தூண்டப்பட்ட செல் செத்துவிடும்.

இந்த நஞ்சு பிடித்துக்கொள்ளும் இடங்கள் நெருக்கமாக உள்ள பகுதி ஹிப்போகாம்பஸ். மூளையின் இரு பக்கமும், காதுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. புது நினைவுகள் பதிவது அங்கேதான். அதனால் இந்த நஞ்சில் அடிபட்டவருக்குச் சின்ன வயதுக் கதை எல்லாம் ஞாபகம் இருக்கும். பேச்சு, கணக்கு, புத்தி எல்லாம் இருக்கும். காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனது யார் என்று கேட்டால் தெரியாது.

இது மனிதர்களுக்கு நடந்திருக்கிறதா, எலிகளுக்கு மட்டும்தானா?

1987 கடைசியில் கனடாவில் நடந்தது. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த கருநீலச் சிப்பிகளைச் சாப்பிட்டவர்களுக்கு முதலில் வாந்தி, வயிற்று வலி, பேதி. சாதாரண ஃபுட் பாய்சன் மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் தலைவலி, குழப்பம், சிலருக்கு வலிப்பு. கணக்கில் வந்தவர்கள் 107 பேர். அவர்களில் நாலில் ஒருவருக்கு மறதி. 12 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். வயதானவர்களையும் சிறுநீரகம் சரியில்லாதவர்களையும்தான் இது அதிகமாகத் தாக்கியது. இந்த நஞ்சை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான் என்பதால் அது புரிகிறது. சர்க்கரை நோயால் கிட்னி பழுதானவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த நோயாளிகளில் 84 வயதுப் பெரியவர் ஒருவர் பிழைத்துக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து அவருக்கு வலிப்பு நோய் தொடங்கியது. பின்னால் அவர் இறந்ததும் மூளையைப் பரிசோதித்தபோது, இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் செல்கள் பெருமளவு அழிந்திருந்தன. ஒரு வேளைச் சாப்பாட்டின் விளைவு இது.

டொமோயிக் அமிலம் அதற்கு முன்பே தெரிந்த பொருள்தான். 1950-களில் ஜப்பானில் ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்தப் பாசியை அங்கே கிராமத்தில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். மிகக் குறைந்த அளவில் மருந்தாக இருந்தது, இங்கே சிப்பிக்குள் குவிந்து ஆளைக் கொன்றது.

1987-க்குப் பிறகு, ஒரு கிலோ சிப்பிச் சதையில் 20 மில்லிகிராமுக்கு மேல் இந்த அமிலம் இருந்தால் விற்கக்கூடாது என்று கனடா வரம்பு வைத்தது. பல நாடுகள் அதையே பின்பற்றுகின்றன. வரம்பு வைத்துச் சோதனை நடக்கும் நாடுகளில் அந்த மாதிரிக் கூட்டச் சாவு திரும்ப நடக்கவில்லை. விலங்குகளுக்குத்தான் சோதனை செய்ய ஆள் இல்லை. 1998-இல் கலிபோர்னியா கரையில் 400-க்கு மேற்பட்ட கடல் சிங்கங்கள் இதே நஞ்சால் செத்தன. 2015, 2023, 2025 என்று திரும்பத் திரும்ப நடக்கிறது. கரையில் கிடந்து தலையை ஆட்டிக்கொண்டே வலிப்பில் துடிக்கும். நெத்திலி தின்று வந்த வினை.

வாயலூரில் நடந்ததும் இதே டொமோயிக் அமிலமா?

இல்லை. அது சாக்ஸிடாக்சின். மூளையைக் கருக்காது, நரம்பு வழியாகப் போகும் மின் சைகையை அடைத்துவிடும். சாப்பிட்ட அரை மணி, ஒரு மணிக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போகும். அப்புறம் விரல் நுனி, கை, கால். உடம்பு மிதக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். ஆள் முழு நினைவோடு இருப்பார், பேச முடியாது. வென்டிலேட்டர் வைத்து ஒரு நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முழுசாகத் தேறிவிடுவார். இதற்கு மாற்று மருந்து கிடையாது, நேரம்தான் மருந்து.

வேறு நஞ்சுகளும் உண்டா?

உண்டு. பவளப் பாறைப் பகுதிகளில் சிகுவாடாக்சின். பாறையில் ஒட்டி வளரும் பாசியைச் சின்ன மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, மேலே போகப் போகக் கூடிக்கொண்டே போகும். இதன் விசித்திரமான அறிகுறி: ஜில்லென்ற தண்ணீர் பட்டால் சுடுகிறது என்பார்கள். கை கால் எரிச்சல், அசதி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். 2016-இல் மங்களூரில் பெரிய சிவப்பு ஸ்னாப்பர் மீன்களின் தலையைச் சமைத்துச் சாப்பிட்ட பலர் இதில் மாட்டினார்கள். சதை ஏற்றுமதிக்குப் போக, தலை உள்ளூரில் விலை போன கதை.

அமெரிக்காவின் புளோரிடாவில் ப்ரீவிடாக்சின். அலை உடையும்போது காற்றில் கலந்து, கரையில் நடப்பவருக்கே இருமல் வரும். ஆஸ்துமாக்காரர்கள் பாடு கஷ்டம்.

பேத்தை மீன் விஷமும் இதே குடும்பமா என்று ஒருவர் கேட்டார். வேலை செய்யும் விதம் சாக்ஸிடாக்சின் மாதிரிதான், ஆனால் அது பாசியிலிருந்து வருவதில்லை.

மஞ்சள், உப்பு போட்டுக் கழுவி, புளி ஊற்றி நன்றாகக் கொதிக்கவைத்தால் போகாதா?

போகாது. இந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும். கிருமி என்றால் கொதியில் சாகும். இவை உயிரில்லாத ரசாயனங்கள். கொதிக்கவைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும், ஃப்ரீசரில் போட்டாலும், எலுமிச்சை பிழிந்தாலும் அப்படியே இருக்கும். நிறம் இல்லை, நாற்றம் இல்லை, ருசியிலும் தெரியாது. வாயலூரிலும் விழிஞ்ஞத்திலும் யாரும் பச்சையாகத் தின்னவில்லை; சமைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

அப்படியானால் மார்க்கெட்டில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கிழங்கா மாதிரி மீன்களைக் குடல் எடுத்துச் சுத்தம் செய்து சாப்பிடுபவர்கள் பாசி நஞ்சை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. சதையில் இந்த நஞ்சு சேர்வது குறைவு. ரோகு, கட்லா, ஜிலேபிக் கெண்டை எல்லாம் கடல் மீனே இல்லை; இந்தப் பேச்சில் அவற்றுக்கு இடம் கிடையாது.

யோசிக்க வேண்டியது மட்டி, சிப்பி, கல்லுமக்காய். வேலூரில் இவை அதிகம் விற்பதில்லை. ஆனால் மகாபலிபுரம், புதுச்சேரி, கோவளம் என்று சுற்றுலா போகும்போதுதான் ஆசையாகச் சாப்பிடுகிறோம். நல்ல ஹோட்டலில், எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த இடத்தில் சாப்பிடுங்கள். கழிமுகத்தில் நாமே பொறுக்கி எடுத்து அடுப்பில் போடுவது மட்டும் வேண்டாம். தண்ணீர் நிறம் மாறியிருக்கும் நாட்களில் அந்தப் பேச்சே கூடாது.

சீலா, களவா மாதிரிப் பவளப் பாறைப் பகுதி மீன்களில் ஐந்தாறு கிலோ தேறும் பெரிய உருப்படி, அதிலும் தலை, ஈரல், முட்டை இவற்றில் சிகுவாடாக்சின் சேரும். சின்ன மீனாக வாங்கிவிட்டால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது.

நெத்திலியை முழுசாகப் பொரித்துத்தான் எங்கள் வீட்டில் பழக்கம். விடவேண்டுமா?

நெத்திலியை விடவேண்டாம், குடலை விடுங்கள். ஆய்கிறவர்கள் செய்வதைப் பார்த்தால் தெரியும்: கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் செவுளுக்குப் பின்னால் வைத்து ஒரு கிள்ளு, கீழ்ப்பக்கமாக ஒரு இழு. தலையோடு சேர்ந்து கறுப்பு நூலாகக் குடலும் வந்துவிடும். டொமோயிக் அமிலம் இருந்தால் பெரும்பகுதி அந்த நூலில்தான் இருக்கும். அரை கிலோவுக்கு நேரம் பிடிக்கும், வாஸ்தவம். மத்தியையும் இப்படியே.

நெத்திலிக் கருவாடு பெரும்பாலும் குடலோடுதான் காய்கிறது. வெயிலில் காய்வதால் நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது. வெந்நீரில் ஊறப்போட்டு, தலையையும் வயிற்றையும் கிள்ளிவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். மண்ணும் உப்பும் போகவே பலர் இப்படிச் செய்கிறார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்புக்கு நான் எதிரி இல்லை.

நண்டு?

ஓட்டைப் பிரித்ததும் உள்ளே மஞ்சளாகக் குழகுழவென்று இருக்குமே, பலர் விரும்பி வழித்துச் சாப்பிடுவார்கள். அது நண்டின் செரிமான உறுப்பு. நஞ்சு சேரும் இடம் அதுதான். 2015-இல் அமெரிக்க மேற்குக் கரையில் பாசி பெருகியபோது இதே காரணத்துக்காக நண்டுப் பிடிப்பையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். வேகவைக்கும்போது நஞ்சு தண்ணீரிலும் இறங்கும். நண்டு ரசம் வைப்பவர்கள் அந்த மஞ்சளைச் சமைப்பதற்கு முன்பே எடுத்துவிட்டுக் கழுவுவது நல்லது. ருசி கொஞ்சம் குறையும்.

ஒரே நாளில் ஒன்றும் ஆகவில்லை என்றால், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளையைக் கெடுக்குமா?

நல்ல கேள்வி. விஞ்ஞானிகள் இப்போது அதிகம் தோண்டுவது இதைத்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் வாழும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ரேசர் கிளாம் என்னும் நீண்ட சிப்பியைச் சாப்பிடுபவர்கள். அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஞாபகப் பரிசோதனை செய்தார்கள். சிப்பியில் இருந்த நஞ்சு சட்ட வரம்புக்கு உட்பட்டதுதான். அப்படியும் மாதம் 15 சிப்பிக்கு மேல் சாப்பிட்டவர்களின் ஞாபகத் திறன் சற்றுக் குறைந்திருந்தது. நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அன்றாட வேலையில் தடுமாற்றம் வரும் அளவு. அதன் பிறகு மாதம் 15-க்கு மேல் வேண்டாம் என்று அங்கே அரசே அறிவுரை சொல்கிறது.

அவர்களுக்கு அது தினசரிச் சாப்பாடு. வருஷத்துக்கு இரண்டு தடவை சுற்றுலாவில் சிப்பி சாப்பிடும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எங்கள் அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது. அல்சைமர் என்கிறார்கள். மீன் காரணமா?

மீனைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, பி12 குறைவு, காது கேளாமை, மனச்சோர்வு என்று பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் சில சரிசெய்யக்கூடியவை. வீடியோவைப் பார்த்துவிட்டு மீனை நிறுத்தியதோடு திருப்தி அடைந்து டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம்.

வீடியோவில் வரும் அந்தப் பேச்சுக்கு மூலம் எது என்று கேட்டால், பிஎம்ஏஏ என்னும் பொருள். நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்குவது. பசிபிக் கடலில் குவாம் தீவின் சமோரோ மக்களிடம் 1950-களில் தசை முடக்கமும் நடுக்கமும் மறதியும் கலந்த ஒரு நோய், மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அவர்கள் சாப்பிட்ட ஒரு வகை ஈந்து விதையிலும், அந்த விதையைத் தின்ற பழந்தின்னி வௌவால்களிலும் பிஎம்ஏஏ இருப்பது தெரியவந்தது. இதுதான் காரணமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. புளோரிடாவில் கரை ஒதுங்கிய டால்ஃபின்களின் மூளையில் இத்தகைய நஞ்சும், அல்சைமரில் காணும் மாற்றங்களும் சேர்ந்து இருந்தது சமீபத்திய செய்தி. இரண்டும் ஒன்றாக இருந்தன என்பதுதான் கண்டது. ஒன்றால் இன்னொன்று வந்தது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. வீடியோக்காரர் தாண்டிக் குதித்த இடம் இது.

கர்ப்பிணிகள் கடல் மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஒமேகா-3 தேவை, மத்தியில் அது ஏராளம். சிப்பி, மட்டி, நண்டு மஞ்சள், மீன் குடல் இவற்றை அந்த மாதங்களில் ஒதுக்கிவைத்துவிடுங்கள். டொமோயிக் அமிலம் தாயிடமிருந்து கருவுக்குப் போகும் என்பது விலங்குகளில் உறுதியானது. சுறா மாதிரிப் பெரிய மீன்களைக் குறைக்கச் சொல்வது பாதரசத்துக்காக. அது வேறு கதை.

நோன்புக்கு நாங்கள் செய்யும் கடல்பாசியில் இந்த நஞ்சு இருக்குமா?

ஆம்பூரிலிருந்து கேட்டிருந்தார்கள். பயப்படாமல் செய்யுங்கள். இஃப்தாருக்குப் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆறவைத்துத் துண்டு போடும் அந்தக் கடல்பாசி, அகர் அகர். பெரிய சிவப்புக் கடற்பாசிகளைக் காய்ச்சி, வடிகட்டி, உறையவைத்து, காயவைத்து எடுக்கும் நார்ச்சத்து. நாம் இவ்வளவு நேரம் பேசிய மிதக்கும் பாசிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்பைருலினா மாத்திரை?

ஸ்பைருலினாவும் ஒரு நீலப்பச்சைப் பாசிதான், ஆனால் அது தானாக நஞ்சு உண்டாக்குவதில்லை. தொட்டியில் சுத்தமாக வளர்த்ததா என்பதுதான் கேள்வி. ஏரியில் இயற்கையாக வளர்ந்ததை அள்ளி மாத்திரையாக்கும்போது வேறு நீலப்பச்சைப் பாசி கலந்துவிடலாம். அமெரிக்காவில் ஓர் ஏரிப் பாசி மாத்திரையில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருந்து, அதற்கென்று வரம்பு வைத்தார்கள். பேர் தெரியாத பாக்கெட் வேண்டாம்.

கோட்டை அகழியில் பச்சையாக மிதக்கிறதே, அதுவும் இப்படித்தானா?

அது நன்னீர், அங்கே டொமோயிக் அமிலம் வராது. ஆனால் நன்னீரிலும் சாக்கடைச் சத்து சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசி பெருகும். அவற்றில் சில கல்லீரலையும் சில நரம்பையும் தாக்கும். 2020-இல் போட்ஸ்வானாவில் 300-க்கு மேற்பட்ட யானைகள் செத்ததற்குக் குட்டை நீரில் இருந்த இத்தகைய நஞ்சுதான் காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

அகழி என்றில்லை, எந்த ஏரியிலும் நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். நீளமான குச்சியை விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி, பெரும்பாலும் ஆபத்தில்லை. குச்சியைச் சுற்றிப் பச்சையாகப் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அங்கே மாடு தண்ணீர் குடிக்கவோ பிள்ளைகள் இறங்கவோ விடாதீர்கள். நச்சா இல்லையா என்பதைக் குச்சி சொல்லாது, சந்தேகத்தை மட்டும்தான் சொல்லும்.

சென்னை கடற்கரையில் ராத்திரி அலை நீலமாக மின்னியது. அதில் கால் நனைத்தோம். ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. 2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் மின்னியதைப் பார்க்க ஊரே திரண்டது. அந்த ஒளிக்கு வழக்கமான காரணம் நாக்டிலூகா என்னும் உயிர். மேலே சொன்ன மூளை நஞ்சு அதில் இல்லை. ஆனால் அளவுக்கு மீறிப் பெருகினால் நீரில் ஆக்சிஜனைக் குறைத்து மீனைச் சாகடிக்கும். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது இதனால்தான். மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். அப்படி ஒதுங்கிய மீனை யாரும் எடுக்கக்கூடாது.

மீன் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலை வலித்தது. பாசி நஞ்சா?

பெரும்பாலும் இல்லை. ஐஸ் சரியாக இல்லாமல் வந்த சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மீன்களில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும். கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊர்களில் நிஜமான தொல்லை இதுதான் என்பது என் எண்ணம். சமைத்தால் இதுவும் போகாது. சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மூச்சு இளைத்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மீன் வாங்கும்போது பெட்டியில் ஐஸ் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? அங்கே என்ன சொல்ல வேண்டும்?

உதடு, நாக்கு மரத்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி, பேதியோடு குழப்பம், பிதற்றல், வலிப்பு, கேட்டதையே திரும்பக் கேட்பது வந்தாலும் அப்படித்தான். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது வேண்டாம். தொண்டை மரத்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது இந்த ஊர் சிஎம்சி மருத்துவமனையில்தான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் கடலில்லா ஊரின் காஷுவாலிட்டியில் ராத்திரி டியூட்டி டாக்டருக்குச் சிப்பி நஞ்சு முதலில் நினைவுக்கு வராது. பாம்புக்கடியும் பூச்சிமருந்தும்தான் தினம் பார்ப்பவை. கூட வருபவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்: என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எங்கே வாங்கியது, கூடச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று. "புதுச்சேரி போய்விட்டு வந்தோம், மத்தியானம் சிப்பி சாப்பிட்டார்" என்ற ஒரு வாக்கியம் பல ஸ்கேன்களை மிச்சப்படுத்தும். மிச்சம் இருக்கும் குழம்பைக் கொட்டாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சோதனைக்குத் தேவைப்படலாம்.

இதையெல்லாம் யாராவது கண்காணிக்கிறார்களா?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்து நம் கடல்களில் பாசிப் பெருக்கத்தைக் கவனித்துத் தகவல் தருகிறது. ஏற்றுமதிக்குப் போகும் கடல் உணவுக்குச் சோதனை கறார். உள்ளூரில் கூடையில் வைத்து விற்கும் மட்டிக்கு அந்தக் கறார் கிடையாது. வெளிநாட்டுக்காரன் தட்டுக்கு ஒரு அளவுகோல், நம் தட்டுக்கு ஒன்று என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

ஆய்ந்த மீன் குடலைத் தெருப் பூனைக்குப் போடுகிறோம். அதற்கு ஆபத்தா?

பாசி பெருகாத காலத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் பூனைக்கும் நாய்க்கும் இந்த நஞ்சுகள் நம்மைப் போலவே வேலை செய்யும். உடம்பு சின்னது, அளவு குறைவாக இருந்தாலே போதும். சிப்பி, நண்டுக் கழிவுகளைப் போடாதீர்கள். மீன் தலையை வேகவைத்து முள் எடுத்துப் போட்டால் பூனை வேண்டாம் என்று சொல்லாது.